சுகர் இருக்கு, வேணாம்

"குக்கீஸ் கேக்குதுங்க, ஏத்துக்கவா?" என்றேன்.
"சுகர் இருக்கு, வேணாம்" என்றார் தீர்த்தகிரி.
சிரிப்பை விழுங்கிக்கொண்டு
அவருக்காக நானே ஏற்றுக்கொண்டேன்.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செருப்புக்கடை மாடியில்
மூன்று கணினி, ஒரு பிரிண்டர், நான்.
கீரைப்பட்டியிலிருந்து ஏழே கால் பஸ்.
உரச்சாக்கில் தைத்த பைக்குள்
பதினோரு வருடத்துப் பட்டா மாறுதல்.

அந்தப் பக்கத்துச் சர்வருக்கு
ஞாபகம் என்று ஒன்று கிடையாது.
ஒரு சொடுக்குக்கும் அடுத்த சொடுக்குக்கும் நடுவில்
ஆளை மறந்துவிடும்.
அதனால் கடவுச்சொல் சொன்னதும்
ஒரு சீட்டு கிழித்துத் தருகிறது,
வாயில் நுழையாத முப்பத்திரண்டு எழுத்து.
பிரௌசர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து
கதவுக்குக் கதவு எடுத்து நீட்டும்.
சீட்டைப் பார்த்து, ஓ நீயா, வா
என்று வழிவிடும் சர்வர்.
முகம் பார்ப்பதில்லை.

கீழே சைக்கிள் ஸ்டாண்ட் ரஃபீக்கும் அப்படித்தான்.
ஹேண்டில்பாரில் ஒரு தகரம், நம் கையில் ஒரு தகரம்.
தகரத்தைத் தொலைத்த சொந்த மச்சானை
ராத்திரி பத்து மணிவரை நிறுத்திவைத்தவன்.
ஆனாலும் ரஃபீக்கின் தகரம் விடிய விடியச் செல்லும்.
இந்தச் சீட்டுக்கு
சும்மா இருந்தால் பதினைந்து நிமிடம்தான் உயிர்.

நான்காம் பக்கத்தில் கேட்டது: நான்கு எல்லை.
"கிழக்கே?"
"ஓடை. இப்ப ஓடை இல்ல. ஓடைன்னே போடலாமா?"
"மேற்கே?"
"மாதுவோட மரவள்ளிக்காடு."
"தெற்கே?"
"வண்டிப்பாதை."
"வடக்கே?"
"தம்பி நிலம்."

அங்கே நின்றுவிட்டார்.
ஃபேன் சுற்றியது.
பையின் காதை முறுக்கினார், அவிழ்த்தார்.
வீரப்பன்நாயக்கன்பட்டி பஸ் ஒன்று
ஆள் ஏற்றிக்கொண்டு போயும்விட்டது.
நானும் அவசரப்படுத்தவில்லை.
தம்பி என்ற சொல்லில் அவர் நின்ற நேரத்துக்குள்
சீட்டு செத்துப்போனது.

*உங்கள் அமர்வு காலாவதியானது.
மீண்டும் உள்நுழையவும்.*

"என்னம்மா சொல்லுது?"
"நாம யாருன்னு மறந்துடுச்சாம்."
"தாலுக்கா ஆபீஸ்லயும் அதத்தான் சொன்னாங்க."

இரண்டாம் முறை கரண்டு போனது.
மூன்றாம் முறை கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டோம்.
ஓடிபி மகன் போனுக்கு.
மகன் எலகங்காவில் சென்ட்ரிங் வேலை,
பலகைமேல் நிற்கும்போது எடுக்க மாட்டான்.
அப்போதுதான் ஒரு திருட்டு வேலை செய்தேன்:
பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து
நாலு நிமிடத்துக்கு ஒருதரம்
யாரும் படிக்காத 'உதவி'யை அழுத்தினேன்.
ஆள் இருக்கார்,
ஆள் இன்னும் இருக்கார்
என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே.

ஒன்பதாவது 'உதவி'யில் மகன் கிடைத்தான்.
கலவை மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான் ஆறு எண்ணை.
"ஏழாடா, ஒண்ணாடா?"
"ஏழு! ஏழுப்பா!"

ஒப்புகைச் சீட்டை நான்காக மடித்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.
வெளியேறு என்பதை அழுத்த அவருக்குத் தெரியாது, நான் அழுத்தினேன்.
நாற்காலிச் சூடு ஆறுமுன்னே
ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.
திரை துடைத்த பலகை மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒருவர் மேலே வந்தார்.
கீரைப்பட்டி. அதே மூக்கு.
ஆட்சேபணை மனு போடணுமாம்.
சர்வே எண் சொல்ல வாய் திறந்தார்,
212 என்று என் விரல் முந்திப் போனது.
அழித்துவிட்டு,
"சொல்லுங்க" என்றேன்,
யாரென்றே தெரியாத மாதிரி.

"குக்கீஸ் கேக்குதுங்க."
"வேணாம்மா. எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்."

கிழக்கே ஓடை என்றார்.
அதை மட்டும் யோசிக்காமல் சொன்னார்.
"தெற்கே?"

ஃபேன் சுற்றியது.
அவர் வாய் திறக்கவில்லை.
பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
நான் 'உதவி'யை அழுத்தினேன்.