வெறும் நாண்

எத்தனை மான் என்றுதான் கேட்கிறார்கள்.
கண்டனூருக்கு வந்திறங்கிய அன்றைக்கே கேட்டார் பால்காரர்.
பதினோரு இலையுதிர் காலம், உரிமச் சீட்டோடு,
மூன்று.
மிச்ச நாளெல்லாம் அளந்துகொண்டும்
திருகாணி முடுக்கிக்கொண்டும் இருந்தேன் என்றால்
யாருக்கும் கதை பிடிப்பதில்லை.
காம்பவுண்ட் வில் என்றதும்
சுவரேறிக் குதிக்கிற ஏதோ என்று நினைக்கிறார்கள்.

ஆல்பர்ட்டாவில் கடைக்காரன் முதலில்
ரோஸ் நிறத்தில் ஒன்றை நீட்டினான்.
வேண்டாம் என்றேன். கையை விரி என்றான்.
விரல்நுனிக்கு விரல்நுனி அறுபத்து மூன்று அங்குலம்.
இரண்டரையால் வகுக்க அவன் காகிதம் தேடுமுன்
இருபத்தைந்தும் சொச்சமும் என்றேன்.
வட்டிக்கணக்கு போட்ட வம்சம்
இதற்காவது உதவட்டும்.

பிறகு முக்காலியில் உட்காரவைத்து
இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்கச் சொன்னான்.
இப்போது இழு.
அறுபது பவுண்டு வில் என்னை உத்தரம் பார்க்க வைத்தது.
"அண்ணாந்து இழுத்தால் அது உன் வில் இல்லை,
அதற்குள் மான் போய்விடும்."
நாற்பத்தைந்து, நெஞ்சுக்கு நேராக வந்தது.
கப்பிகள் உருண்டு திரும்பிய இடத்தில்
நாற்பத்தைந்து ஒன்பதாகிவிட்டது கையில்.
பாக்கி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.
எங்கும் போகவில்லை.
மேலும் கீழும் இரண்டு தகடுகளுக்குள்
வளைந்து உட்கார்ந்திருந்தது.

இங்கே வேட்டை கிடையாது. சட்டம் தெரியும்.
கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால்
தகரம் தட்டுகிறார்கள்; நானும் போய்த் தட்டுகிறேன்.
வில்லுக்கு வீடு போதும்.
இந்தத் தெருவில் தலை, அடுத்த தெருவில் வால்,
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி,
நிலைக்கு நேர் நிலை. முப்பத்தெட்டு கஜம்.
கடைசியில் பழந்துணி திணித்த அரிசிச் சாக்கு.
பதினான்கு புள்ளிக்குப் பாத்தியமான காற்றில்
என் அம்பு மட்டும் போகிறது.

வெயில்தான் பகை.
சித்திரையில் ஒரு மத்தியானம் காருக்குள் கிடந்தால்
தகடு பசைவிட்டுப் பிரியும்.
நாண் மெழுகு டப்பா தீர்ந்தபின் பிரான்மலைத் தேன்மெழுகு:
தடவி, சூடேறி உள்ளே இறங்கும்வரை விரலால் தேய்க்கணும்,
நூல் சுற்றிய இடத்தில் கூடாது,
கப்பியின் அச்சில் ஒரு பொட்டும் ஆகாது.
மூன்றாம் வருடம் நாண் மாற்றணும்.
அதற்கொரு பிரஸ் வேண்டும்.
புதுவயல் மில் மெக்கானிக் சேவுகன்
படம் பார்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார்.
"பெல்ட்டு மாத்துற மாதிரிதானே ஆச்சி?"
ஏறத்தாழ.

ஆடியில் சோலையப்பன் வந்தான், பாகப்பத்திரத்தோடு.
காப்பி எடுக்க உள்ளே போனேன்.
டம்ளரோடு திரும்பினால்
வளவு நடுவில், முழு இழுப்பில் நிற்கிறான்.
நாணில் அம்பு இல்லை.

"விடாதே. இழுத்த வழியே மெதுவாக் கொண்டுபோ."
"அம்புதான் இல்லையே ஆச்சி?"

விட்டான்.

மரம் முறிகிற சத்தம்.
ஓட்டிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழுந்தன.
அம்பு எடுத்துப் போயிருக்க வேண்டியதை எல்லாம்
வில்லே வாங்கிக்கொண்டது.
அவன் வில்லைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.
"ஒண்ணும் ஆகலையே."

ஆகவில்லைதான், கண்ணுக்கு.
கப்பி நேராக இருக்கிறது, நாண் அதன் பள்ளத்தில்.
அவன் பத்திரத்தை விரித்து ஏழாம் பக்கம் புரட்டினான்.
நான் தலையணையின் ஓரத்தையலைப் பிரித்து
ஒரு கொத்து இலவம்பஞ்சு எடுத்தேன்.
மேல்தகட்டின் விளிம்போடு ஓட்டினேன், வழுக்கிப் போனது.
கீழ்த்தகடு, வெளிப்பக்கம், போனது.
உள்பக்கம்
கப்பிக்கு நாலு விரற்கடை மேலே
ஒரே ஓர் இழை நின்றுவிட்டது.

ஊதினேன். நகரவில்லை.

"இந்த எடத்துல" என்று பேனாவை நீட்டினான்.
வாங்கி
இழை நின்ற இடத்தில்
சின்னதாக ஒரு கோடு போட்டேன்.