மூன்று சட்டம்

படம் பேசக் கற்று மூன்றாம் வருஷம்.
தளத்தில் மின்விசிறி கூடாது,
இருமல் கூடாது, புதுச் செருப்பு கூடாது.
ரோஜா ஜாடிக்குள் மைக்.
கொல்ல வருகிறவனும்
பூவைப் பார்த்துத்தான் மிரட்ட வேண்டும்.

சிகாகோ சாராயக் கும்பலின் தலைவன்
லாசர் ஃபைன்ப்ளம்;
நேற்றுவரை நியூயார்க்கில்
பெண்களுக்கு மேலங்கி வெட்டியவன்.
கோப்பையில் ஆறிய தேநீர்.
தொப்பி வாடகை. தழும்பு பிசின்.
குண்டு மட்டும் நிஜம்.

சுடுவதற்கென்றே ஓர் ஆள்: காசிமிர் வோய்டாஸ்.
பிரான்சுச் சகதியில் மிஷின்கன் பிடித்த கை.
லாசரின் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி
சுவரில் சாக்குக்கட்டியால் புள்ளி வைப்பார்,
பின்னால் நடப்பார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.
நாளுக்கு இருபது டாலர்.

நிஜ வெடியை மைக் தாங்காது.
பிற்பாடு டட்லி ப்ரூயிட்
தோல் மெத்தையைப் பிரம்பால் விளாசி
ஒவ்வொரு சாவுக்கும் ஓசை போட்டான்.
சுட்டவர் ஒருவர், சத்தம் இன்னொருவனுடையது.
பயம் மட்டும் சுற்றி வந்து
என் வெட்டுமேசையில் விழுந்தது.

நான்காவது ரீல்.
காரை சிதறுவதற்குச் சற்று முன்
லாசர் கண்ணை இறுக்கி மூடுகிறான்.
ஊசிக்கு அழப்போகும் பிள்ளையின் முகம்.
"ரௌடி இமைக்க மாட்டான், ஐடா"
என்றார் இயக்குநர் தாக்கபெரி,
ஆப்பிளைக் கடித்தபடி.

மூன்று சட்டம்.
நொடியில் எட்டில் ஒரு பங்கு.
கத்தரித்தேன்; குப்பைக்கூடையில் போடாமல்
ஏப்ரன் பையில் போட்டேன்.
சட்டத்தை மீறுகிறவனின் படத்திலிருந்து
நான் திருடியது சட்டம்தான்.

முதல் காட்சி.
பெயர்கள் வரத் தொடங்கியதும்
கடைசி வரிசையில் வோய்டாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்,
மனைவியின் தொப்பி அவர் மடியில்.
ஒளிப்பதிவு, ஒலி, உடை, தச்சுவேலை.
அவர் இல்லை.
(நானும் இல்லை. எனக்குப் பழக்கம்.)
வெளியே வந்தவர்கள் சொன்னார்கள்:
"இமைகூட ஆடவில்லை, பார்த்தாயா அவனுக்கு!"

போன ஞாயிறு
பொத்தான் டப்பாவில் துண்டு அகப்பட்டது.
நைட்ரேட், பல்பு அருகே வேண்டாம்.
ஜன்னல் வெயிலுக்கு எதிரே பிடித்தேன்.

லாசருக்குப் பின்னால் கதவுக் கண்ணாடியில்
அரிசி அளவில் ஒரு முகம்.
விரல் விசையில். வாய் திறந்திருக்கிறது,
முதல் சட்டத்தில் கொஞ்சம்,
மூன்றாவதில் நன்றாக.
ஏதோ சொல்லிக்கொண்டே சுடுகிறார் வோய்டாஸ்.

ரோஜா ஜாடிக்கு எட்டாத சொல்.
எனக்குப் போலிஷ் தெரியாது.
முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று
என் உதட்டை அதே அளவு திறந்து பார்க்கிறேன்.
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
கீழே ஐஸ் வண்டிக்காரன்
மணியடித்துக்கொண்டு போகிறான்.