தேறுமா

என் வேலை இருட்டைச் சோதிப்பது.
திருவொற்றியூர் யார்டில் காலிப் பெட்டி இறங்கியதும்
உள்ளே போய் நின்றுகொண்டு
"சாத்து" என்பேன்.
மிக்கேல்ராஜ் வெளியிலிருந்து தாழ்க்கம்பியை இழுப்பான்.
நாற்பதடி நீளத்துக்கு ஒன்றுமே இருக்காது.
கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.
அப்புறம் தெரியும்
கூரையில் ஊசிமுனை, மூலையில் துருத்துளை.
இன்று வெயில் நுழைகிற இடத்தில்
நாளை மழை நுழையும்.
எண்ணிச் சாக்கட்டியால் வட்டம் போடுவேன்.
ஓட்டையில்லாத பெட்டி அடுத்த சரக்குக்குப் போகும்.

போன வாரம் ஒன்று கிராம்பு மணத்தது.
ஒன்றில் பழைய இரும்பு.
ஒன்றில் மட்டும்
யாரோ பல நாள் படுத்திருந்த வாடை.
அதை எழுத ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.

இருட்டில் நிற்கும்போது
இந்த ஊரையும் ஒரு பெட்டியாகத்தான் தோன்றுகிறது.
துணி இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள் முதலில்.
இருந்தது.
வெளுக்க ஆள் குவிந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆனது.
இங்கே நெய்த கட்டம், கப்பலேறி
ஆப்பிரிக்கக் கரையில் யார் கல்யாணத்துக்கோ போயிற்று.
பிறகு துணி வேண்டாம்,
ஆள் இருக்கிறதா என்றார்கள்.
அதுவும் இருந்தது.
ரங்கூனுக்கும் மொரீசியசுக்கும் தலை எண்ணி ஏற்றினார்கள்.
போனவர்களில் சிலருடைய பிள்ளைகள்
கையில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்து
கடற்கரை ஸ்டேஷன் எதிரே
விட்டு வந்த நாட்டின் பெயரில் கடை விரித்தார்கள்.
அத்தோ தின்கிறோம் இன்றைக்கும்,
முட்டையைப் பிளந்து வெங்காயம் திணித்து.
அப்புறம் தீக்குச்சி, உரம், டயர்.
தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை
இப்போது மெட்ரோவில் ஒரு பெண்குரல்
அடுத்த நிலையம் என்று சொல்கிறது.
அந்த ரயிலில்தான் என் தங்கை பிளாரன்ஸ்
சாயங்காலம் ஏறிப் போய்
டென்வர்காரர்களின் காலையில் வேலை செய்கிறாள்.
ஆளை ஏற்ற இப்போது கப்பலும் வேண்டாம்.

துறைமுகம் கட்டின கதைதான் பேஜாரு.
தெற்கிலிருந்து வடக்கே
கரையோரமாக நடந்துகொண்டிருந்த மணலைக்
கல்சுவர் கைநீட்டி மறித்தது.
மணல் அங்கேயே குந்திக்கொண்டது.
அதன்மேல் இன்று குதிரை ஓடுகிறது,
சுண்டல் விற்கிறது,
தலைவர்கள் உறங்குகிறார்கள்.
வரவேண்டியது வராமல்
எங்கள் பக்கம் கடலுக்குப் பசி.

நாங்கள் இருப்பது மூன்றாவது தெரு.
முதலாவது எங்கே என்று கேட்டார்
வாக்காளர் பட்டியலோடு வந்த வாத்தியார்.
எதிர்வீட்டு மெகருன்னிசா அலையைக் காட்டினாள்.
இரண்டாவது?
"அதே பக்கம்தான் சார், கொஞ்சம் கிட்ட."
அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடிக்கொண்டு
நாலாவது இருக்குமில்லையா என்று மட்டும் கேட்டார்.

கோபமாகச் சொல்லவில்லை.
எனக்குச் சோறு போடுவது அந்தக் கல்சுவர்தான்.
நகரம் வளர்கிறது என்று பேப்பரில் பார்த்தால் மட்டும்
எந்தப் பக்கம் என்று
ஒருமுறை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்று ஒரு பெட்டியின் பலகை இடுக்கில் மணல்.
எந்தக் கரையுடையதோ,
நம்முடையதைவிடச் சிவப்பு.
பெருக்கித் தள்ளவேண்டும் என்பது விதி.
டிபன் பாக்ஸ் மூடியில் அள்ளினேன்.
ஒரு கைகூடத் தேறவில்லை.
"இன்னா ஜெசிந்தாக்கா, மண்ணப் போயி" என்றான் மிக்கேல்ராஜ்.
வீட்டுக்குப் போகிற வழியில்
கல் கொட்டியிருக்கும் இடத்தில் தட்டினேன்.
பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது.

இன்று எட்டரைக்கு முதல் பெட்டி.
எண்ணூர் சாலையில் இரண்டு ராத்திரி
வரிசையில் நின்று வந்த வண்டி.
உள்ளே போய் "சாத்து" என்றேன்.
எங்கு பார்த்தாலும் வெளிச்சம்,
தலைக்கு மேல், காதருகே, கையெட்டும் தூரத்தில்.
இருபத்தி மூன்று வரை எண்ணிவிட்டு
சாக்கட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
சும்மா நின்றேன்.

தகரத்தைத் தட்டுகிறான் வெளியிலிருந்து.
"அக்கா,
தேறுமா?"