மூன்றாம் வரி

மருதனார்மடத்துத் தகரக் கொட்டிலில்
கணக்கை எழுதி முடித்துத் திரும்பினால்
நாற்பது கைபேசிகள் நிமிர்ந்து நிற்கின்றன.
ஒரு பேனாவும் அசையவில்லை.

"கொப்பியில எழுதுங்கோ.
கையால எழுதினாத்தான் ஏறும்."
சிரிக்கிறார்கள். பிறகு குனிந்து
எழுதுவதுபோல் ஏதோ செய்கிறார்கள்,
என் மனம் நோகக் கூடாதென்று.

இரவு பதினொன்றே முக்காலுக்குச்
சாம்பவி ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
என் கரும்பலகை. மூன்றாம் வரியில்
சிவப்பாய் ஒரு வட்டம்.
"சேர், இதில சய வரோணும் என்ன?"

பெருப்பித்துப் பார்த்தேன்.
வரோணும்தான்.

இருபத்திரண்டு வருடமாய் எழுதுகிறேன்,
எழுதியதைத் தள்ளிநின்று பார்த்ததில்லை.
எழுதுவேன், அழிப்பேன், கையைத் தட்டுவேன்.
இப்போதுதான் தெரிகிறது,
வலப்பக்கம் போகப்போக
என் வரிகள் சரிந்து இறங்குகின்றன.
ஓரத்தில் யாரோ ஒருவரின் முதுகு,
வியர்த்த சட்டை, கழுத்துப்பட்டியில் வெண்கட்டித் தூள்.
நான்தான்.

அலுமாரியின் அடித்தட்டில்
தொண்ணூற்றெட்டாம் ஆண்டுச் சீ.ஆர். கொப்பி.
அதே கணக்கு. என் சேர் பலகையில் எழுத
ஒரு புள்ளி பிசகாமல் நான் பார்த்தெழுதியது.
மூன்றாம் வரியில் சய இல்லை.
அடிமட்டம் வைத்து அடிக்கோடு வேறு.

கடைசியில் வர்க்கம் எடுக்கும் கணக்கு,
விடை எப்போதும் சரியாகவே வந்தது.
ஸ்கார்பரோவில், ஈஸ்ட்ஹாமில்,
எத்தனை பேரின் பெட்டிக்குள் கிடக்கிறதோ
இந்த மூன்றாம் வரி.

கையால்தான் எழுதினேன்.
ஏறித்தான் இருக்கிறது.

"ஓம் பிள்ளை, வரோணும்" என்று
ஒற்றை விரலால் தட்டி முடிக்க நேரம் எடுத்தது.
ஒரு சரிக்குறிதான் விழுந்தது.
அவள் அதற்குள் நித்திரை.