கொடுத்தது, வாங்கியது

வியாழன், கடைசிப் பீரியட், மூன்றாம் ஆண்டு ‘பி’.
கோரிக்கைச் சீட்டில் பட்டிசன் எழுதியிருக்கிறார்:
இதயம் 18. தட்டு 18. கத்தி 18.
அடியில் ஒரு நன்றி,
பேனாவில் மை தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற நன்றி.

இதயங்களுக்கு நான்தான் போக வேண்டும்.
நவம்பரில் ஷெட்லாந்தில் எட்டு மணி வரை இருட்டு.
மழை இங்கே மேலிருந்து விழாது,
பக்கத்திலிருந்து வரும், வேனைத் தள்ளும்.
அறுப்புக்கூடத்து டேவியிடம் வருஷா வருஷம் கேட்கிறேன்:
“கீறாமல் கொடேன்.”
“கீறிப் பார்த்தால்தான் முத்திரை, இங்கா. சட்டம்.”
ஒவ்வோர் இதயத்திலும் சட்டம்
ஒரு வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

தயாரிப்பு அறைத் தொட்டியில் அலசுகிறேன்.
குழாய்த் தண்ணீர் கையை வெட்டுகிறது.
உறைந்த ரத்தம் கறுத்த ஜெல்லியாய் வழுக்கிப் போகிறது.
பெருந்தமனிக்குள் சுண்டுவிரல் விட்டு
வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
வழியே இல்லாமல் ஒட்ட நறுக்கியவை
பின்வரிசைக்கு.
பின்வரிசை எதையும் கேட்காது.

விரல்நுனிகள் வேறு கறுத்திருக்கின்றன,
செவ்வாய்க்கிழமை சில்வர் நைட்ரேட்.
அதற்கு முந்தின நாள் அமிலம் கரைத்தேன்:
நீரில் அமிலம்,
ஒருபோதும் அமிலத்தில் நீர் அல்ல.
வீட்டில் தேநீருக்குப் பால் ஊற்றும்போதும்
ஒரு நொடி நிற்கிறேன்.

பாடம் நடக்கிறது. கதவுக் கண்ணாடி வழியே நான்.
நான்காம் தட்டு, மேக்னி இஸ்பிஸ்டர்.
எழுந்து நின்று கேட்கிறான்:
“இதன் காது அட்டை எண் என்ன?”
வகுப்பு சிரித்தது. பட்டிசனும் கொஞ்சம்.
அவன் வீட்டு ஆடுகள் போன வாரம் லாரி ஏறின.
இதயத்தோடு காது வருவதில்லை, மேக்னி.
இதை நான் சொல்லவில்லை.
கதவுக்கு வெளியே நிற்பவளிடம்
யாரும் கேட்கவில்லை.

பிறகு நான் எண்ணினேன்.
பதினேழு.
ஈரத்துணியில் பரப்பி மறுபடி எண்ணினேன்.
பதினேழு.

“யாரும் நகரக் கூடாது.”
பட்டிசனின் கழுத்து சிவந்துவிட்டது.
பைகள் திறந்தன: கடித்து வைத்த ஆப்பிள்,
நாறும் காலுறை,
எட்டாய் மடித்த ஒரு கடிதம், அதை அவசரமாய் மூடிய ஒரு கை.
கத்தி இல்லை.
மணி அடித்தது. தீவுப் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
படகு காற்றுக்காகக் காத்திருக்கும்,
பிள்ளைகளுக்காக அல்ல.

தடித்த கையுறை போட்டேன்.
மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தேன்.
புத்தகம்போல் விரிந்தது ஒன்று,
கொத்துக்கறியானது ஒன்று,
பென்சில் குத்தியது ஒன்று (யார் என்று தெரியும்).
பதின்மூன்றோ பதினான்கோ, நினைவில்லை,
அதில் புது வெட்டு எதுவுமே இல்லை.
டேவி திறந்த வாய் மட்டும்.
அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஏதோ
எலும்பைவிட நேராக இருந்தது.

பிடியைப் பற்றி மெல்ல இழுத்தேன்.
அலகு, உறையிலிருந்து பிரித்தபடியே.
விளிம்பில் ஒரு நார்கூட இல்லை.
ஏற்கெனவே இருந்த காயத்துக்குள்
அதை வைத்து மூடியிருக்கிறான்,
வெட்டியதாய்க் காட்ட.

நிமிர்ந்தேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
ஒருவன் சன்னலை.

“பையின் அடியில் கிடந்தது,” என்றேன்.
நாற்காலிகள் உருண்டன. ஓடினார்கள்.
பட்டிசன் மூச்சுவிட்டார், மன்னிப்புக் கேட்டார்,
எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கத்தி. கொடுத்தது 18. வாங்கியது 18.
‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது. விட்டுவிட்டேன்.

பையைக் கட்டும்போது அந்த ஒன்றை மட்டும்
வாய் கீழாகத் திருப்பி வைத்தேன்.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மேசையில் நாளைய சீட்டு:
வெங்காயம் 4. அயோடின். கத்தி 1.
தோலை நானே உரித்து வைக்க வேண்டுமாம்.
வைக்கிறேன்.