ஈரக்கழிவு

நூறு கிலோ பச்சை இலைக்கு எட்டு கிலோ
ஈரமென்று கழித்துவிடுவேன்.
மழை பிடித்தால் பத்து.
கட்டபெட்டு இலைக் கொட்டகையில்
பதினோரு வருஷமாக எடை போடுகிறவள்.
“தராசே உட்கார்ந்து கணக்கு எழுதுது” என்று
மூட்டை இறக்கும் பையன்கள் சொல்வது காதில் விழும்.
எழுதிக்கொண்டே இருப்பேன்,
பேனா மட்டும் அடுத்த தாளிலும் பதியும்.

கோயம்புத்தூரில் அறுத்தார்கள்.
முக்கால் வயிறு போயிற்று. மீந்ததை
நர்ஸ் விரலால் காட்டினாள்:
ஒரு பூவன்பழம், அதுவும் சீப்பின் கடைசிப் பழம்.

முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீராகவே.
நிரோஷாவுக்கு மருந்து புகட்டிய பாலாடையைப்
பரணிலிருந்து இறக்கினேன்.
பருப்புத் தண்ணீர் ஒரு பாலாடை.
பத்து நிமிஷம்.
இன்னொன்று.
மூன்றாவதைக் கேட்டது வயிறில்லை.
அதுதான் போய்விட்டதே.
கேட்கிற வாய் காதுக்குப் பின்னால் எங்கேயோ
இன்னும் குந்தியிருக்கிறது.
டாக்டர் அதைத் தொடவில்லை.

இப்போது ஒன்பதாம் மாசம்.
முட்டையில் பாதி, வெள்ளை முதலில்.
முப்பது தரம் மெல்லச் சொல்லியிருக்கிறார்கள்,
பதினெட்டில் யாராவது கூப்பிடுவார்கள்,
மறுபடி ஒன்று.
சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.
அரைமணி முன்னே, அரைமணி பின்னே.
அவசரத்தில் விழுங்கிய ஒரு வாய் இட்லி
நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டு
கண்ணில் நீர் வரவைத்தது.
யாரும் தவறிட்டாங்களா என்று கேட்டார் சங்கத் தலைவர்.
இனிப்பு வர்க்கி ஒன்றை முழுசாகத் தின்ற அன்று
பன்னிரண்டு டிகிரிக் குளிரில் வேர்த்து
காலிச் சாக்குகளின் மேல் படுத்துக் கிடந்தேன்.

டீ பிடிக்காமல் போயிற்று.
இந்த மலையில் அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

குளிர், அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
முப்பத்தெட்டுக் கிலோ வெளியே போன வழியாக
அது உள்ளே வருகிறது.
இத்தனை காலம் நான் போர்த்திக்கொண்டிருந்தது
என்னையேதான் போலிருக்கிறது.
ரெண்டு ஸ்வெட்டர், குல்லா.
குல்லாவைக் கழற்றினால் அதோடு கொஞ்சம் முடி.
“அக்காவுக்கு உடம்புக்கு என்ன?” என்கிறார்கள்
அதே பையன்கள், மெதுவான குரலில்.
பழைய பேச்சே தேவலை.

அமலதாஸ் வீட்டில் சாப்பிடுவதில்லை.
என்மேல் இரக்கம்.
பஸ் ஸ்டாண்டு கடையில் மூன்று பரோட்டா, சால்னா,
வாயைக் கொப்பளித்து, பாக்கும் போட்டு
“பசியில்லை” என்று வந்து படுக்கிறார்.
வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி
கதவை மெதுவாகச் சாத்துகிறார்.
போர்வைக்குள் சோம்பு மணக்கிறது.
பதினேழு வருஷம் ஒரே சட்டியை
ரெண்டு பக்கமிருந்தும் வழித்தவர்கள் நாங்கள்.

மிச்சி அக்கா மகள் கல்யாணத்தில்
இலை நிறையச் சோறு போட்டுவிட்டார்கள்.
அக்கா குனிந்து பார்த்தாள்.
மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்ட என்னை அறிந்தவள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சோற்றைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டு
நடுவில் ஒரு கரண்டி அவரைக்கொட்டை வைத்தாள்.
முப்பத்துநாலு. எண்ணினேன்.
இரண்டு பந்தி எழுந்து போயிற்று,
நான் இருபத்தொன்றில் இருந்தேன்.
யாரும் என்னை எழுப்பாதபடி
அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

நேற்று ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.
“என் முன்னால் உட்கார்ந்து தின்னுங்க” என்றேன்.
முதல் கவளத்தில் என் முகத்தைப் பார்த்தார்.
இரண்டாவதில் பார்த்தார்.
மூன்றாவதில் மறந்துவிட்டார்.
நான் போட்டுக்கொண்டே இருந்தேன்,
சட்டி கையோடு வருகிற வரை.
“உப்பு கூட” என்று விரலை நக்கினார்.
சந்தோஷமாக இருந்தது.
மிச்சமிருக்கிற துண்டு வயிறு
கொஞ்சம் எரியவும் எரிந்தது.

என் பாதி முட்டையில் பாதி அப்படியே இருந்தது.
அவர் தட்டில் வைத்தேன்.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

நாளைக்குப் பத்து கழிக்க வேண்டும்.