மூன்றாம் பெட்டியின் பின்

எங்கள் தொழிலில் பின் என்றால்
சுண்டுவிரல் நீள இரும்பு.
மடிமேல் இறங்கும் கம்பியைப்
பெட்டியோடு பூட்டுவது.
விசாரணையில் பின் என்றால்
"அதற்குப் பின் என்ன நடந்தது?"
இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்:
பார்க்கவில்லை ஐயா.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி.
பொருட்காட்சிக்குள் பாதி சேலம்.
வரிசை தட்டுவடைக் கடையைத் தாண்டி வளைந்தபோது
முதலாளி போனில் சொன்னார்:
"ஏகாம்பரம், நாலு நிமிசத்துக்கு ஒரு ரவுண்டு."
மூன்றாம் பெட்டியில் பின் இல்லை.
இருந்த ஓட்டையில் கட்டுக்கம்பி,
இரண்டு முறுக்கு.
முறுக்கியது யாரென்று
நான்கு பேர் நான்கு பெயர் சொல்கிறோம்.
என் பெயரும் அதில் உண்டு.

பச்சைப் பொத்தானை அழுத்தியது நான்.
அதில் மட்டும் குழப்பமில்லை.

ஒன்பது வருசமாகக் கூச்சல் கேட்கிறவன்.
சந்தோசக் கூச்சல்
இறக்கத்தோடு முடிந்து சிரிப்பாகிவிடும்.
அன்றைக்கு இரண்டாவது வளைவில் எழுந்தது
இறங்கியும் முடியவில்லை.

ரிஸ்வானா. பத்தொன்பது வயது.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை.
இடுப்பில் ஒரு தகடு, தொடையில் ஒரு தகடு,
ஏழு ஸ்குரூ.
எண்ணிக்கை எனக்கு மனப்பாடம்.

பதினொரு மாசம் சீல் வைத்த ரயில்மேல்
மழை பெய்தது, காக்கை எச்சமிட்டது.
பிறகு மாதேஸ்வரி மேடம் வந்தார்
ஒரு கூடை, மூன்று டப்பா.
நான் கண்ணால் பார்த்துச் சரியென்ற பின்களில்
சிவப்புச் சாயம் பூசி, துடைத்து,
வெள்ளைப் பொடி அடித்தார்.
காத்திருந்தோம்.
பன்னிரண்டில் இரண்டு பின்
வெள்ளைக்குள்ளிருந்து மெல்லச் சிவந்தன,
மயிரிழை நீளத்துக்கு.
"இதுதாங்க விரிசல்" என்றார்.
அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

ஏணிமேல் நின்று நட்டுகளுக்கு நம்பர் எழுதினேன்.
அங்கிருந்து பார்த்தால் ராத்திரியில்
ஏற்காட்டுப் பாதை தெரியும்.
விளக்குகள் திரும்பித் திரும்பி ஏறும்
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் பலகை.
மலைக்குப் போட்ட நம்பரை
எங்கள் நாற்பதடி ரயிலுக்கு
யாரும் போட்டிருக்கவில்லை.

திறப்புக்கு முந்தின நாள் அவள் வந்தாள்,
ஊன்றுகோலோடு, அண்ணன் துணையோடு.
நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் கேட்டது வேறு:
"அந்தப் பின்னைக் காட்டுங்க."
புதிய பின்னை, மூன்றாம் பெட்டியில், தொட்டுப் பார்த்தாள்.
கம்பியைப் பிடித்து இழுத்தாள்.
இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
"கொலுசுல கொக்கி மாட்டுனா
மூணு தடவ இழுத்துப் பாப்போம்.
மொத ரெண்டு இழுப்புக்கு எதுவும் தாங்கும்.
மூணாவதுலதான் பொய் தெரியும்."
அவ்வளவுதான்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
டெல்லி அப்பளம் வாங்கித் தரட்டுமா என்று
கேட்டே விட்டேன், என்ன புத்தியோ.
அண்ணன் முறைத்தான். போய்விட்டார்கள்.

இப்போது பன்னிரண்டு கம்பி,
ஒவ்வொன்றுக்கும் மூன்று, முப்பத்தாறு இழுப்பு.
ராத்திரி தோள்பட்டை எரியும்.
நாலு நிமிச ரவுண்டு ஒன்பதாகிவிட்டது.
முதலாளி கணக்குப் போட்டுக் காட்டினார்.
நான் சாவியைக் காட்டினேன்.
சாவி இப்போது என் இடுப்பில்,
மேடம் எழுதிவைத்த உத்தரவு.

போன சனிக்கிழமை
ஒன்பதாம் கம்பி
முதல் இழுப்புக்கு நின்றது.
இரண்டாவதுக்கும் நின்றது.
மூன்றாவதில் ஒரு நூல் அசைந்தது.

எல்லோரையும் இறக்கினேன்.
டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
விசிலடித்தார்கள்.
பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர்
என் ஆத்தாளை இழுத்துத் திட்டினார்.
மறுநாள் பேப்பரில் ஒரு வரி இல்லை,
என்ன இருக்கப்போகிறது அதில்.

திட்டிக்கொண்டே வெளியே போனார்கள்,
வாசல் வரைக்கும்,
அத்தனை பேரும்
நடந்து.